பத்தொன்பதாம் இடம்

ஓர்ம்ஸ்பி, ஒஹாயோ
1987 அக்டோபர் 16

தம்பி வெர்னனுக்கு,

பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். ஆனாலும் முதலில் நான் சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன். பத்தொன்பதாம் இடம்! நாட்டிலுள்ள சிறிய கல்லூரிகளில் நம் ஓர்ம்ஸ்பி கல்லூரி பத்தொன்பதாவது. நாலு வருஷத்துக்கு முன் அவர்கள் முதல் பட்டியலைப் போட்டபோது நாம் நாற்பத்தொன்று. அன்று ஊரே துக்க வீடு மாதிரி இருந்தது. நேற்று கல்லூரித் தலைவர் ஹேவிலண்ட் பட்டப்பகலில் மணிக்கூண்டு மணியை அடிக்கச் சொன்னார். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் இனிப்பாக ஆப்பிள் பை. கணக்குப் பேராசிரியர் விக்லிஃப் தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு, "லொரீன், நான் ரிடயர் ஆகுறதுக்குள்ள இதைப் பார்த்துட்டேன், போதும்"னு சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பட்டியலுக்காகப் பத்திரிகை கேட்ட படிவங்களை நிரப்பி அனுப்பியது யார் தெரியுமா? உன் அக்காதான். முப்பத்திரண்டு வருஷம் சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்ததற்கு இப்போதுதான் ஒரு பலன் கிடைத்த மாதிரி இருக்கிறது. தலைவர் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

உன் மாட்டுக் காலேஜ் எத்தனையாவது இடம்? பட்டியலில் தேடினேன், கண்ணாடி போட்டும் தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் ஜெயித்த வாரம், கொஞ்சம் ஆடத்தான் செய்வோம்.

லொரீன்


சான் கார்மெலோ, கலிஃபோர்னியா
1987 நவம்பர் 8

அன்புள்ள அக்கா,

கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். நீ மணியடித்தது இங்கே வரைக்கும் கேட்டது.

நீ சிறிய கல்லூரிகளின் பட்டியலில் தேடியிருக்கிறாய், எங்கள் மாடுகள் அடுத்த பக்கத்தில் மேய்கின்றன. பெரிய பல்கலைக்கழகங்களில் இருபத்திரண்டு. நான் இங்கே புள்ளியியல் சொல்லித்தர வந்தபோது பின்பக்கம் நிஜமாகவே தொழுவம் இருந்தது. பிறகு கிழக்கிலிருந்து ஒரு வானியல் பேராசிரியரை அழைத்து வந்தார்கள். அவருக்கு ஒரு தொலைநோக்கி, குன்றின்மேல் ஒரு வீடு. அவருக்குப் பின்னால் எட்டுப் பேர் வந்தார்கள். பத்தே வருஷத்தில், "சான் கார்மெலோ எப்பவுமே பெரிய இடம்தானே" என்று ஜனங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஓர்ம்ஸ்பி இதற்கு நேர் எதிர். அப்பா காலத்தில் கிழக்குக் கரைப் பெரிய இடங்களிலிருந்தெல்லாம் நம் இயற்பியல் பிள்ளைகளைத் தேடி ரயிலேறி வருவார்கள் இல்லையா? அந்தப் பேரின் வட்டியில்தான் இத்தனை நாள் ஓட்டுகிறோம்.

உனக்கு ஒரு வேடிக்கை. கல்லூரிகளின் சங்கம் இந்தப் பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன என்று ஆராய்ந்து சொல்ல என்னைக் கேட்டிருக்கிறது. நூறு துறைத் தலைவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பினேன். ஓர்ம்ஸ்பியின் நிலவியல் துறை எப்படி என்று கேட்டதற்கு நாற்பத்துமூன்று பேர் 'மிக நன்று' என்று குறித்திருக்கிறார்கள். அந்தத் துறையை மூடி எட்டு வருஷம் ஆகிறது! நேற்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஒரு சின்னச் சந்தேகம். பத்திரிகைக்குப் போன படிவத்தில் முதலாண்டு மாணவர்களின் நுழைவுத் தேர்வுச் சராசரி 1600-க்கு 1174 என்று இருக்கிறது. அதே வருஷம் அங்கீகாரக் குழுவுக்குப் போன அறிக்கையில் 1083. தட்டச்சுப் பிழையா? பார்த்துச் சொல்.

வெர்னன்


ஓர்ம்ஸ்பி
1987 டிசம்பர் 12

தம்பி,

பனி கொட்டுகிறது. கூரைமேல் ஏறித் தள்ள ஆள் கிடைக்கவில்லை. விக்லிஃப் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நிலவியல் துறைக் கதையை அவரிடம் சொன்னேன், சிரித்ததில் நர்ஸ் வந்து என்னைத் திட்டினாள். கிறிஸ்துமஸுக்கு நீ வரப்போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் உனக்குப் பிடித்த பூசணிக்காய் ரொட்டியைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டது தட்டச்சுப் பிழை அல்ல. வெவ்வேறு படிவம், வெவ்வேறு முறையில் எண்ணுவது. எல்லாக் கல்லூரியும் அப்படித்தான் செய்கிறது. இதைப் பற்றி வேறு யாரிடமும் பேசவேண்டாம்.

பெட்டியைத் திறக்கும்போது மேல்பக்கம் பார்த்துத் திற. ரொட்டி உடைந்துவிடும்.

லொரீன்


சான் கார்மெலோ
1988 ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

ரொட்டி முழுசாக வந்தது. நன்றி.

இதை எழுதாமல் தள்ளிப்போட்டுப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு கணக்கையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துவிட்டேன். உங்கள் முதலாண்டு வகுப்பில் 402 பேர். பத்திரிகைக்குப் போன சராசரியில் இருப்பது 284 பேர்தான். மீதி 118 பேர் உங்கள் வகுப்பில் உட்கார்கிறார்கள், உங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிடுகிறார்கள். தாளில் மட்டும் இல்லை. மூன்று வருஷமாக அப்படியே நடந்திருக்கிறது.

மே மாதம் என் அறிக்கையைச் சங்கத்தின் முன்னால் வாசிக்கவேண்டும். அதற்குமுன் நீங்களே பத்திரிகைக்கு ஒரு திருத்தம் அனுப்பிவிட்டால், 'தவறு நேர்ந்தது, சரிசெய்துகொண்டார்கள்' என்ற ஒரே வரியோடு நான் முடித்துவிடுவேன். ஹேவிலண்டிடம் பேசு. இது அவர் சொல்லி நடந்தது என்றால் நீ ஏன் சுமக்கவேண்டும்?

உன்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

வெர்னன்


ஓர்ம்ஸ்பி
1988 பிப்ரவரி 14

வெர்னன்,

சந்தேகப்படு. அதைச் செய்தது நான்தான்.

நாற்பத்தொன்றாம் இடம் வந்த வருஷம் விண்ணப்பங்கள் பாதியாகிவிட்டன. விடுதியில் ஒரு மாடியையே பூட்டினோம். சமையல் கூடத்தில் ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹேவிலண்ட் என்னைக் கூப்பிட்டு, "லொரீன், இன்னும் ரெண்டு வருஷம் இப்படிப் போச்சுன்னா நான் கதவைச் சாத்த வேண்டியதுதான். உனக்கு ஏதாவது வழி தெரியுதா?" என்று கேட்டார். என்னிடம் யாரும் வழி கேட்டதே கிடையாது. மதிப்பெண் குறைந்து நிபந்தனையின்பேரில் சேர்ந்த பிள்ளைகளைச் சராசரியில் சேர்க்காவிட்டால் எண் உயரும் என்று நான் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் எதையும் கேக்கல. நீ பார்த்துச் செய்" என்றார். செய்தேன். விண்ணப்பங்கள் திரும்பி வந்தன, பூட்டிய மாடியைத் திறந்தோம். சமையல் கூடத்துக்கு ஆறு பேர் திரும்பி வந்தார்கள். இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று நானும் எவ்வளவோ நாள் தேடினேன்.

இப்போது நான் ஒன்று கேட்கப்போகிறேன். 1955-இல் அப்பா கல்லூரிக் கொதிகலன் அறையில் வேலையிலேயே விழுந்து செத்தபோது நான் இங்கே முதலாண்டு மாணவி. ஊழியர் பிள்ளைகளுக்குத்தான் இலவசப் படிப்பு. வீட்டில் யாராவது ஒருவர் இங்கே வேலையில் இருந்தால் அந்தச் சலுகை தொடரும் என்று டீன் சொன்னார். அம்மா அழுதாள். மறுநாள் நான் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தட்டச்சு மேஜையில் உட்கார்ந்தேன். நீ படித்தாய். இதை இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியது இல்லை. இன்று சொல்லிக்காட்டுகிறேன்.

உன் அறிக்கையிலிருந்து ஓர்ம்ஸ்பியை எடுத்துவிடு.

லொரீன்


சான் கார்மெலோ
1988 மார்ச் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆறு முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

மொத்தமாக எடுக்க என்னால் முடியவில்லை. அப்படிச் செய்தால் நானும் 118 பேரை எடுத்தது போலத்தான் ஆகும். ஆனால் பெயரை எடுத்துவிட்டேன். அறிக்கையில் ஓர்ம்ஸ்பி என்ற சொல்லே வராது. 'கல்லூரி-கே' என்றுதான் இருக்கும். மாநிலமும் கிடையாது. வருஷமும் தெளிவாக இருக்காது. என்னைத் தவிர அது எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. இந்த வருஷப் படிவத்திலிருந்து சரியான எண்ணைப் போட்டுவிடு. எல்லாம் மெல்ல அடங்கிவிடும்.

1955-ஐப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நீ கட்டியிருந்த அந்தப் பச்சை ஸ்கார்ஃப் உட்பட.

என்னை நம்பு.

வெர்னன்


ஓர்ம்ஸ்பி
1988 ஜூன் 22

வெர்னன்,

உன் அறிக்கையின் முப்பத்தேழாம் பக்கத்து அடிக்குறிப்பைப் படித்தேன். 'கல்லூரி-கேயில் எட்டாண்டுகளுக்கு முன் மூடப்பட்ட நிலவியல் துறையை நாற்பத்துமூன்று பேர் மிக நன்று எனப் பாராட்டினர்.' வாசித்தபோது அரங்கமே சிரித்தது என்று செய்தித்தாளில் போட்டிருக்கிறார்கள். அந்த நிருபருக்கு என்ன, 1979-இல் எந்தக் கல்லூரி நிலவியல் துறையை மூடியது என்று நூலகத்தில் ஒரு மதியம் தேடியிருக்கிறான். கிடைத்துவிட்டது.

அவன் செவ்வாய்க்கிழமை என் மேஜைக்கு வந்தான். நல்ல பையன்தான். என்னைப் பார்த்து அவனுக்கே சங்கடம். "மேடம், நீங்க ஹேவிலண்ட் சார்கிட்ட கேட்டுட்டே பதில் சொல்லலாம்" என்றான். கேட்கப் போனேன். ஹேவிலண்ட் நாலு அறங்காவலர்களை வைத்துக்கொண்டு, "எனக்கு இது எதுவுமே தெரியாது லொரீன். நீ இப்படிப் பண்ணுவேன்னு நான் கனவுலகூட நினைக்கல" என்றார். அவர் கண்ணைப் பார்த்தேன். அது அப்படியே நிஜம் மாதிரி இருந்தது.

மதியத்துக்குள் என் மேஜையைக் காலி செய்துவிட்டேன்.

நீ பெயரைத்தான் எடுத்தாய். வேடிக்கையை விட உனக்கு மனசு வரவில்லை. என்னை விற்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு சிரிப்புக்காகக் கைநழுவ விட்டிருக்கிறாய்.

ஃபோன் செய்யாதே. வராதே.

லொரீன்


சான் கார்மெலோ
1990 செப்டம்பர் 30

அன்புள்ள அக்கா,

இதுவரை அனுப்பிய ஏழு கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்தன. இதை விக்லிஃபின் மகள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நேரில் தந்தால் வாங்கிக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

அந்த அடிக்குறிப்பை ஏன் விட்டேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அறிக்கை வறட்சியாக இருந்தது. அந்த ஒரு இடத்தில்தான் ஜனங்கள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று தெரிந்தது. பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும்.

உனக்கு இன்னொன்றும் தெரியவேண்டும். எங்கள் பல்கலைக்கழகமும் இதையேதான் செய்கிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைச் செப்டம்பரில் சேர்க்காமல் ஜனவரியில் சேர்க்கிறார்கள். அப்போது அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். வருஷத்துக்கு எழுநூறு பேர். கண்டுபிடித்துப் பெயரோடு, இடத்தோடு எழுதினேன். செய்தித்தாளிலும் வந்தது, ஒரே ஒரு நாள். எங்கள் துணைவேந்தர் என்னைச் சாப்பிட அழைத்து, "நல்ல வேலை பண்ணிருக்கீங்க வெர்னன், இனிமே சரியா எண்ணிடுவோம்" என்றார். அவ்வளவுதான். இந்த வருஷம் பத்தொன்பதாம் இடத்துக்கு ஏறியிருக்கிறோம்.

பெரிய இடம் பொய் சொன்னால் அதற்குப் பெயர் நடைமுறைக் குறை. ஓர்ம்ஸ்பி சொன்னதற்குப் பெயர் மோசடி. இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். எண்களோடு இத்தனை வருஷம் இருந்தவன், எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கவேண்டும்.

அங்கே விண்ணப்பங்கள் எப்படி? நீ எங்கே வேலை செய்கிறாய்? ஒரு வரி எழுது.

வெர்னன்


ஓர்ம்ஸ்பி
1994 ஜூன் 5

வெர்னன்,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். சொல்லவேண்டிய விஷயம் இருப்பதால்தான்.

கல்லூரியை மூடிவிட்டார்கள். மே 21-ஆம் தேதி கடைசிப் பட்டமளிப்பு. அறுபத்தொரு பேர். பத்திரிகை நம் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியதிலிருந்தே பிள்ளைகள் வருவது நின்றது. நல்ல பேராசிரியர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவர்கள் போனதைப் பார்த்து இன்னும் பிள்ளைகள் குறைந்தார்கள். ஹேவிலண்ட் எப்போதோ கிழக்கில் இதைவிடப் பெரிய இடத்துக்குத் தலைவராகப் போய்விட்டார்.

நான் இங்கேயே மாவட்ட ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஊரில் யாரும் என்னைக் கல்லால் அடிக்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் கிளாடிஸ் மட்டும் ஒருநாள், "உம்மேல எனக்குக் கோபம் இல்ல லொரீன். ஆனா எம் மருமகனுக்கு அங்க வேலை போச்சு. அவன் வர்ற நேரத்துல நீ இங்க உக்காராதே" என்றாள். அதற்கப்புறம் வீட்டிலேயே காபி போட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரலில் கல்லூரியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். கல்லூரி மூடினால் மாணவர்களின் பழைய கோப்புகளெல்லாம் கொலம்பஸில் மாநிலக் காப்பகத்துக்குப் போகவேண்டும். தொண்ணூற்றாறு வருஷத்துக் கோப்புகள். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் தினமும் போய் அடுக்கினேன். எழுபத்தொரு பெட்டி. நேற்று லாரியில் ஏற்றினார்கள்.

அதில் உன் கோப்பும் இருந்தது. அதைப் பிற்பாடு யாராவது பிரித்துப் பார்த்து உனக்குச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டார்கள். உனக்கு உன் மதிப்பெண் தெரியாது. 870. அப்பா செத்த அடுத்த வருஷம்தான் நீ அந்தத் தேர்வை எழுதினாய், ஒழுங்காகத் தூங்காத பிள்ளை. குழு உன்னை நிபந்தனையின்பேரில்தான் சேர்த்தது. முதல் பருவத்தில் தேறாவிட்டால் வெளியேற்றிவிடுவார்கள். சேர்க்கைக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். அந்த நிபந்தனை வரியை மட்டும் விட்டுவிட்டு அடித்தேன். உன் முகம் சுருங்குவதை என்னால் பார்க்கமுடியாது என்று தோன்றியது. நீ எல்லாப் பாடத்திலும் முதல் வந்தாய். அந்த வரி யாருக்கும் தேவைப்படவே இல்லை.

1988-இல் உன்னிடம் கெஞ்சி எழுதியபோது இதையும் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நான் கேட்டபடி நீ செய்திருப்பாய் என்றும் தெரியும். எழுதவில்லை. உன்னைப் பற்றி என்னிடம் இருந்ததில் அது ஒன்றைத்தான் ஆயுதமாக்க மனசு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் இது முழு உண்மை. முதல் வருஷம் சராசரியில் சேராதவர்களின் பெயர்களைப் பட்டியலில் கோடு போட்டு அடித்துக்கொண்டு வந்தபோது, ஒரு சலவைக்காரியின் மகன் பெயர் வந்தது. 880. பேனாவைக் கீழே வைத்தேன். நீதான் ஞாபகம் வந்தாய். பிறகு எடுத்து அவனையும் அடித்தேன். அந்த வருஷம் தொண்ணூற்றாறு பேர், அதற்கடுத்த வருஷம் நூற்றுநாலு, அதற்கடுத்து நூற்றுப்பதினெட்டு. ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருத்தியின் தம்பிதான், தங்கைதான். எனக்கு அது தெரிந்தே இருந்தது. நிருபர் வந்ததால் நான் வெட்கப்பட்டேன் என்று ஊர் நினைக்கிறது. அந்த வெட்கம் அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது.

நீ எழுதியது சரிதான், வெர்னன். சரி என்பதற்காக என் மனசு ஆறிவிடவில்லை.

லொரீன்


சான் கார்மெலோ
1994 ஜூன் 13
(விரைவுத் தபால்)

அக்கா,

உன் எழுத்தை உறைமேல் பார்த்ததும் கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்து படித்தேன். வகுப்புக்குப் போகவில்லை.

870. இந்த எண்ணைவிட எத்தனையோ உயர்ந்த எண்களை வைத்திருந்த பிள்ளைகளைப் பார்த்து, 'இவர்கள் இங்கே தேறமாட்டார்கள்' என்று நானே எங்கள் சேர்க்கைக் குழுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இருபது வருஷமாக.

நீ விட்டுவிட்ட அந்த ஒரு வரி கடிதத்தில் இருந்திருந்தால் நான் படித்திருப்பேனா என்று தெரியாது. பயந்து ஓடியிருப்பேன் என்றே தோன்றுகிறது. என் அறிக்கைக்காகத்தான் இங்கே எனக்குத் தனிப் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள், உனக்குத் தெரியுமோ என்னவோ. 'எண்ணப்படாதவர்களை எண்ணியவர்' என்று பட்டயத்தில் பொறித்திருக்கிறார்கள். அதை இன்று சுவரிலிருந்து கழற்றி மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் செய்தது அது.

சனிக்கிழமை விமானத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். க்ளீவ்லேண்டில் இறங்கி வண்டி எடுத்துக்கொண்டு நாலு மணிக்குள் வந்துவிடுவேன். கதவைத் திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்திருக்கிறேன். மறுநாளும் வருவேன். திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். என்னைப் பார்க்க மட்டும் விடு.

வெர்னன்


ஓர்ம்ஸ்பி
1994 ஜூன் 15
(விரைவுத் தபால்)

வெர்னா,

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. வராதே.

கோபத்தில் எழுதவில்லை. நீ வாசலில் வந்து நின்றால் நான் திறந்துவிடுவேன், அது எனக்குத் தெரியும். திறந்தால் சமைப்பேன். அம்மாவைப் பற்றிப் பேசுவோம், எதற்காவது சிரிப்போம். ஞாயிற்றுக்கிழமை நீ எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்புவாய். திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடங்களைத் தாண்டித்தான் போகவேண்டும். ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீ இல்லாதபோது நான் மட்டும் தினமும் அதைப் பார்க்கவேண்டும், வெர்னா. அதற்கு இன்னும் எனக்குத் தெம்பு வரவில்லை.

எழுது. மாதம் ஒன்று போதும். வெயிலைப் பற்றி எழுது, உன் மாணவர்களைப் பற்றி எழுது. இனிமேல் திருப்பி அனுப்பமாட்டேன். பிரிப்பேன், படிப்பேன். பதில் எழுதுவேனா என்று சத்தியம் செய்ய முடியாது.

அக்கா